முதலில் கேமராவைப் பார்ப்போம், கம்ப்யூட்டரை அப்புறம் பேசுவோம்

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் அவருக்குப் பிழைப்பு. ஒரு வருடமாக மண்டப மேடையில் வைக்கும் எல்இடி வாலுக்கு (எல்இடி பலகைகளைச் சேர்த்துக் கட்டுகிற பெரிய திரை) மோஷன் கிராபிக்ஸும் செய்து கொடுக்கிறார். சோனி ஏ7 ஃபோர் கேமரா இரண்டு வைத்திருக்கிறார். ஷூட் செய்வது 4கே, 25 ஃபிரேம், 10 பிட். எடிட்டிங்குக்கு பிரீமியர், மோஷன் கிராபிக்ஸுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், 3டி வேலைக்கு எப்போதாவது பிளெண்டர். இதுவரை எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் ஓடியிருக்கிறது. இப்போது கையில் ஒரு லட்சம். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் போட்டுக் கொடுத்த கொட்டேஷனையும் அனுப்பி, "இது சரியா அண்ணா?" என்கிறார்.

கொட்டேஷன் இதுதான்: இன்டெல் ஐ7-14700எஃப், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, லிக்விட் கூலர், கண்ணாடி போட்ட கேமிங் கேபினட், கலர் லைட் ஃபேன் நாலு.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை வாங்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. கேம் ஆட வருகிற பையன்களுக்கு வழக்கமாகப் போடுகிற பட்டியலை உங்களுக்கும் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் உட்கார்ந்து காத்திருக்கிற இடம் வேறு, அவர் பணத்தைக் கொட்டியிருக்கிற இடம் வேறு.

கம்ப்யூட்டர் வாங்க வருகிற எல்லாரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி, "உங்க கேமரா என்ன ஃபைல் எழுதுது?" என்பதுதான். உங்கள் விஷயத்தில் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஏ7 ஃபோரில் 25 ஃபிரேமில் 4கே எடுக்கும்போது, மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 140எம் 4:2:2 10 பிட் என்று வைத்திருப்பீர்கள் (4:2:2, 10 பிட் என்பவை ஃபைலில் எவ்வளவு நிற விவரம் இருக்கிறது என்பதைச் சொல்பவை). இது எச்.264 குடும்பம். எச்.264 ஃபைலில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. ஒரு முழுப் படம், அதற்குப் பின்னால் "முன்னதிலிருந்து இது மட்டும் மாறியது" என்கிற குறிப்புகள் வரிசையாக வரும். டைம்லைனில் நடுவில் ஓர் இடத்தில் கர்சரை வைத்தால், மெஷின் பின்னால் போய் முழுப் படத்தைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். இந்த அவிழ்க்கிற வேலைக்கு டீகோட் என்று பெயர்.

இதைச் செய்யவே ப்ராசஸரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் தனியாக ஒரு சின்ன எஞ்சின் இருக்கிறது. இன்டெல் சிப்பில் இருப்பதை குயிக் சிங்க் என்பார்கள். ஆனால் எந்த எஞ்சினுக்கு எந்த ஃபைலை அவிழ்க்கத் தெரியும் என்பதில்தான் சிக்கல். எச்.265-இல் 4:2:2 10 பிட் என்றால் இன்டெல்லின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்தே குயிக் சிங்க் அழகாக அவிழ்க்கும். எச்.264-இல் அதே 4:2:2 10 பிட் என்றால் 14ஆம் தலைமுறையின் குயிக் சிங்குக்கும் கை வராது. என்விடியாவில் 30, 40 வரிசைக் கார்டுகளுக்கும் வராது. வேலை முழுக்க ப்ராசஸர் கோர்கள் தலையில் விழும். கோர்கள் அதை அவிழ்ப்பதிலேயே களைத்துப்போனால், மேலே நீங்கள் போட்ட கலர், டிரான்சிஷன், டைட்டில் எல்லாம் திணறாமல் என்ன செய்யும்?

"அப்போ கேமராவில் எச்.265-க்கு மாத்திடறேன்" என்பீர்கள். சோனியில் அதற்கு எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று பெயர். ஆனால் கேமராவை பால் (PAL, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ற) முறையில் வைத்திருந்தால் அந்த ஃபார்மேட்டில் 4கே-க்கு 25 ஃபிரேம் கிடையாது, 50-லிருந்துதான் ஆரம்பம். மண்டபத்து லைட் ஃப்ளிக்கர் ஆகாமல் இருக்க நாம் எல்லாரும் பால் முறையில்தான் இருக்கிறோம். ஆக அந்தக் கதவு அடைப்பு.

மிச்சம் மூன்று வழி. ஒன்று, என்விடியாவின் 50 வரிசைக் கார்டு. எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐ அவிழ்க்கிற எஞ்சினை அவர்கள் அந்த வரிசையில்தான் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த பிரீமியர் 25.2 பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்தவும் முடிகிறது. இரண்டு, ப்ராக்ஸி (எளிதில் அவிழ்கிற சின்னப் பிரதி) போட்டு எடிட் செய்வது. மூன்று, காசே செலவில்லாதது: எதற்கு 10 பிட் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொள்வது. எஸ்-லாக்கில் (பின்னால் கலர் சேர்ப்பதற்கென்றே சோனி தருகிற வெளிறிய ப்ரொஃபைல்) எடுத்து கலர் கிரேடிங் செய்கிற ஹைலைட்ஸ், கப்புள் ஷூட் இதற்கெல்லாம் 10 பிட் வேண்டியதுதான். சாதாரண பிக்சர் ப்ரொஃபைலில் ஐயர் மந்திரம் சொல்வதை மூன்று மணி நேரம் ஸ்டாண்டில் வைத்து எடுக்கிற இரண்டாவது கேமராவுக்கு எதற்கு? அதை 100எம் 4:2:0 8 பிட்டில் வையுங்கள். எந்தப் பழைய எஞ்சினும் அதைத் தூக்கத்திலேயே அவிழ்க்கும்.

டிஸ்க் கணக்கிலும் இது பெரிய வித்தியாசம். 140எம் என்றால் நொடிக்கு 140 மெகாபிட், அதாவது 17.5 எம்பி, மணிக்கு 63 ஜிபி. இரண்டு கேமராவும் நாலு நாலு மணி நேரம் ஓடினால் 504 ஜிபி. கொட்டேஷனில் இருக்கிற 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு, அடோபி போட்டு, ஒரே ஒரு முகூர்த்தத்தைக்கூட இறக்க முடியாது. கடைக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

இனி மோஷன் கிராபிக்ஸ். இது வேறு உலகம். பிரீமியரில் கஷ்டம் டீகோட்டில் என்றால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கஷ்டம் ரேமில்.

ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் மேலே பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகருமே, அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் அமுக்கப்படாத ஒரு முழு ஃபிரேம். அப்படியே ரேமில் போய் உட்காருகிறது. கணக்கு எளிது: அகலம், உயரம், நாலு சேனல், சேனலுக்கு எத்தனை பைட். 1920க்கு 1080 காம்பொசிஷன் 8 பிட்டில் ஃபிரேமுக்கு சுமார் 8.3 எம்பி. அதையே 16 பிட்டில் வைத்தால் 16.6. 4கே-யில் 16 பிட் என்றால் 66 எம்பி. 25 ஃபிரேமுக்கு நொடிக்கு 1.66 ஜிபி! 16 ஜிபி ரேமில் விண்டோஸும் மென்பொருளும் எடுத்தது போக 8 ஜிபி மிஞ்சினால், ஐந்து நொடி ப்ரிவியூ. அதற்கு மேல் ஓட்டினால் முதலில் செய்தது ரேமிலிருந்து போய்விடும்; 2025-இல் வந்த 25.2 பதிப்பிலிருந்து மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து ஓட்டுகிறது, அதற்கு முன் அதுவும் கிடையாது. பழைய பதிப்பில் அந்த ஐந்து நொடியில் ஒரு நாதஸ்வர பீட்டுக்கு டைட்டில் விழுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? 32 ஜிபி என்றால் 20 மிஞ்சும், 12 நொடி. 64 என்றால் அரை நிமிடம் தாராளமாகப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதற்கு முந்தைய சில வருடங்கள் ஒரு நேரத்தில் ஒரு ஃபிரேம்தான் செய்துகொண்டிருந்தது. 2021 அக்டோபரில் வந்த 22ஆம் பதிப்பிலிருந்து பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் செய்கிறது. அதிகக் கோர் இருந்தால் அதற்கப்புறம் நல்ல பலன் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் செய்கிற ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாக ரேம் வேண்டும். ரேம் போதவில்லை என்றால் அது தானாகவே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். 20 கோர் இருக்கிற 14700எஃப்பை 16 ஜிபி ரேமோடு கட்டி வைப்பது, இருபது பேருக்கு இலை போட்டுவிட்டு ஐந்து பேருக்குச் சோறு வடித்த மாதிரி.

இப்போது உங்களுக்குப் பிடிக்கிற ஒரு செய்தி. எல்இடி வால் வேலைக்கு நீங்கள் 4கே-யில் காம்பொசிஷன் போடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எதற்கு? வாடகைக்கு வருகிற வாலில் நிறைய 3.91 எம்எம் பிட்ச்தான் (பிட்ச் என்பது ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்). அரை மீட்டர் சதுரக் கேபினட் (வாலின் ஒரு பலகை) ஒன்றில் 128க்கு 128 பிக்சல். பன்னிரண்டடிக்கு எட்டடி மேடை வால் என்று சொல்வதை ஏழுக்கு ஐந்து கேபினட்டாகக் கட்டுவார்கள். பெருக்கிப் பாருங்கள்: 896க்கு 640 பிக்சல். அவ்வளவுதான் அந்த வாலால் காட்ட முடியும். நீங்கள் 4கே-யில் ரெண்டர் செய்து கொடுப்பதை வாலின் ப்ராசஸர் 14 பங்கில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் காட்டுகிறது. சுருக்குகிறபோது மெல்லிய தங்கக் கோடெல்லாம் மினுமினுக்கும். "அண்ணா, லைன் எல்லாம் துடிக்குது" என்று வால் ஆபரேட்டர் போன் செய்வது இதனால்தான்.

வேலை ஒத்துக்கொள்ளும்போதே எத்தனைக்கு எத்தனை கேபினட், என்ன பிட்ச் என்று கேட்டு வாங்குங்கள். அதே பிக்சல் அளவில், அல்லது சரியாக இரண்டு மடங்கில், காம்பொசிஷன் போடுங்கள். ரேம் இன்று இருக்கிறதே போதுமென்று தோன்றும். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னாலேயே கிடைக்கிற வேகம் இது.

சரி, என்ன வாங்குவது?

கார்டு ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி. மேலே சொன்ன டீகோட் காரணம் ஒன்றே போதும். கொட்டேஷனில் இருக்கிற 3050-இல் அந்த எஞ்சின் இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கார்டைப் பெரிதாகத் தொடாது. பிரீமியரில் லுமெட்ரி கலர், ஸ்கேலிங், எக்ஸ்போர்ட் இதற்கெல்லாம் 5060 தாராளம். பிளெண்டரில்தான் 8 ஜிபி இடிக்கும். கோயில் கோபுரம் மாதிரி கனமான சீனை சைக்கிள்ஸில் (பிளெண்டரின் ரெண்டர் எஞ்சின்) ரெண்டர் செய்தால் கார்டின் மெமரி நிரம்பி வழியும். பிளெண்டர்தான் முக்கியத் தொழில் என்றால் 12 ஜிபி இருக்கிற பழைய 3060-ஐ, அல்லது 5060 டிஐ-யின் 16 ஜிபி மாடலைச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது எப்போதாவது என்பதால் இங்கே விட்டுக்கொடுக்கலாம்.

ப்ராசஸர் ஐ5-14500. ப்ராசஸரை மட்டும் தனியாக எடுத்து ஓடவிட்டால் 14700எஃப்தான் ஜெயிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் அது உச்சத்தில் 219 வாட் இழுக்கும். எச்610 போர்டில் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிற பகுதிக்குப் பெரும்பாலும் ஹீட்சிங்க்கூட இருக்காது. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், முக்கால் மணி நேர எக்ஸ்போர்ட்டில் பத்தாவது நிமிடமே அது மூச்சு வாங்கி வேகத்தைக் குறைத்துவிடும். 14500-இல் ஆறு பெரிய கோர், எட்டுச் சின்ன கோர், உச்சம் 154 வாட். ஒரு நல்ல ஏர் கூலரில் அடங்கிவிடும். லிக்விட் கூலர் பணம் மிச்சம்.

எஃப் என்ற எழுத்தையும் கவனியுங்கள். எஃப் போட்ட இன்டெல் சிப்பில் உள்கிராபிக்ஸ் கிடையாது, அதனால் குயிக் சிங்க்கும் கிடையாது. உங்கள் சோனி ஃபைலுக்கு குயிக் சிங்க் உதவாது என்றேனே, பின் எதற்கு? ட்ரோன்காரரும் இன்னொரு கேமராமேனும் எச்.265 ஃபைல் கொண்டுவருவார்கள், அது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், ஒருநாள் கார்டு செத்து வாரண்டிக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். உள்கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகி, ப்ராக்ஸி போட்டாவது ஆல்பம் வீடியோவை முடித்துக் கொடுத்துவிடலாம். முகூர்த்த மாதத்தில் அந்த வாரங்களின் விலை என்னவென்று உங்களுக்கே தெரியும். உள்கிராபிக்ஸிலும் தரம் உண்டு: ஐ5-12400, 13400 இவற்றில் இருக்கும் யுஎச்டி 730-க்கு வீடியோ எஞ்சின் ஒன்று. 12500, 13500, 14500 இவற்றின் யுஎச்டி 770-க்கு இரண்டு. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் சிப்புகள் கெட்டுப்போகின்றன என்று 2024-இல் பெரிய பேச்சு கிளம்பியதே என்று கேட்பீர்கள். இன்டெல் கூடுதல் வாரண்டி கொடுத்த பட்டியல் 13600கே, 14600கே மாடல்களிலிருந்து மேலே போகிறது, அதில் 14500 இல்லை. இருந்தாலும் போர்டின் பயாஸை (போர்டுக்குள் இருக்கிற அடிப்படை மென்பொருள்) முதல் நாளே புதுப்பித்துவிடுங்கள்.

ஏஎம்டி ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ரைசன் 7 7700 அருமையான சிப். அதன் போர்டில் நாளைக்குப் புது ப்ராசஸரும் மாட்டலாம், இன்டெல்லின் இந்த சாக்கெட்டுக்கு எதிர்காலம் இல்லை. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் போட முடியும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. டிடிஆர்4-உம் ஏறியதுதான், ஆனால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய குச்சிகள் சந்தையில் நிறைய. ஒரு லட்சத்துக்குள் 64 ஜிபி-க்கு வழி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், டிடிஆர்4 போடுகிற பி760 போர்டு, நாலு ரேம் ஸ்லாட் இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது 16 ஜிபி இரண்டு, தை மாத வரும்படியில் இன்னும் இரண்டு. டிடிஆர்5-இல் இப்படி நாலு குச்சி போட்டால் வேகம் சரசரவென இறங்கும். ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்கிற கணக்கே நாலு குச்சிக்கு 3600தான். டிடிஆர்4-இல் அந்தத் தொல்லை குறைவு.

பழைய குச்சி வாங்கினால் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒண்ணுதானே" என்று விட்டால், அந்த ஒன்று உங்கள் ப்ராஜெக்ட் ஃபைலைச் சேமிக்கிற நொடியில்தான் வரும். இரண்டு குச்சி மட்டும் போடும்போது ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். அடுத்தடுத்துச் செருகிவிட்டு, ரேம் பாதி வேகத்தில் ஓடுவது தெரியாமலே வருடக்கணக்கில் வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கில் நான் சூடு கண்ட பூனை. விலை மலிவு என்று ஒரு 1 டிபி எஸ்எஸ்டி வாங்கினேன். அட்டையில் நொடிக்கு 3500 எம்பி என்று போட்டிருந்தது. ஒரு ரிசப்ஷன் ஃபுட்டேஜ் 400 ஜிபி, இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து அதற்கு மாற்றினேன். காப்பி ஆகிற ஜன்னலில் பச்சை வரைபடம் உச்சியில் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. கால்வாசி தாண்டியதும் மலையிலிருந்து விழுந்த மாதிரி 80-க்கு இறங்கிவிட்டது. பழைய ஹார்டு டிஸ்க்கே இதைவிட வேகம். க்யூஎல்சி என்கிற மலிவு வகை எஸ்எஸ்டியில் முன்பக்கம் கொஞ்சம் இடத்தை மட்டும் வேகமாக எழுத வைத்திருப்பார்கள், அது நிரம்பினால் இதுதான் கதி. கேம் ஆடுபவருக்கு இது தெரியவே தெரியாது, அவர் ஒரே மூச்சில் 400 ஜிபி எழுதப் போவதில்லை. நமக்கு வாராவாரம் அதுதான் வேலை. டிஎல்சி (இதைவிட நன்றாகத் தாங்குகிற வகை) என்று விவரத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு 1 டிபி டிஎல்சி என்விஎம்இ: விண்டோஸ், மென்பொருள், கேஷ் (மென்பொருள் தற்காலிகமாக எழுதி வைப்பது). ஃபுட்டேஜுக்கு 4 டிபி ஹார்டு டிஸ்க். "ஹார்டு டிஸ்க்கில் 4கே எடிட்டா?" என்று சிரிக்காதீர்கள். உங்கள் ஒரு ஃபைல் கேட்பது நொடிக்கு 17.5 எம்பி. நல்ல ஹார்டு டிஸ்க் 150-க்குக் குறையாமல் கொடுக்கும். இரண்டு மூன்று அடுக்கு தாராளமாக ஓடும், மல்டிகேமில் நிறையக் கேமரா வைத்தால்தான் தடுமாறும். அப்போது நடப்பு வேலையை மட்டும் எஸ்எஸ்டிக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள், எஸ்எம்ஆர் வகை அழித்து எழுதும்போது இழுக்கும். பணம் கொடுத்து முடிகிறவரை ஃபுட்டேஜின் இன்னொரு பிரதி வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி) 650 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் தரமாவது இருக்க வேண்டும். ப்ராசஸர் 154, கார்டு 145, மற்றதெல்லாம் 50 என்று வைத்தால் உச்சம் 350 வாட்தான். ஆனாலும் எஸ்எம்பிஎஸ்ஸை முக்கி முக்கி ஓட்டக் கூடாது. பட்ஜெட் இடித்தால் கேபினட்டில் குறையுங்கள், லைட்டைக் கழற்றுங்கள், இரண்டாவது டிஸ்க்கைத் தள்ளிப்போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், ஓட்டை போட்ட வலை இருந்தால் போதும். மாதம் ஒருமுறை தூசியை ஊதுங்கள்.

அதே 350 வாட்டினால்தான் சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஆகாது. அதன் கொள்ளளவே 360 வாட் அளவுதான், மானிட்டரையும் சேர்த்தால் ரெண்டர் நடுவே கரண்ட் போகிறபோது அதுவும் சேர்ந்து போய்விடும். எனக்கு நடந்தது: யுபிஎஸ் ஒரு பீப் அடித்தது, எல்லாம் இருட்டு, திரும்ப வந்து பார்த்தால் ப்ராஜெக்ட் ஃபைல் பூஜ்யம் கேபி. ஆட்டோசேவ் இருந்ததால் இருபது நிமிட வேலையோடு தப்பித்தேன். 1000 விஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி ஓட்டினால், அது சைன் வேவா என்று பாருங்கள், ஸ்கொயர் வேவில் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட முனகும். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று இருக்கிறதா? எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரை மாட்டுங்கள்.

பணக் கணக்கு மேலோட்டமாக: கார்டு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ப்ராசஸரும் போர்டும் சேர்ந்து இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் ரேம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ், கேபினட். யுபிஎஸ் இதற்குள் வராது, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேம் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை நான் எழுதிக் கொடுத்தால் நீங்கள் கடைக்குப் போவதற்குள் பழசாகிவிடும்.

சென்னைக்கு வந்து ரிச்சி தெருவில் வாங்குவதானால் மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். "பில் இல்லாம 18 சதவீதம் குறைச்சுத் தரேன்" என்பார்கள். குறைகிறது இன்றைக்கு, வாரண்டிக்கு அலையப் போவது நாளைக்கு. ப்ராசஸர் பெட்டியோடு வந்தால் இன்டெல்லின் மூன்று வருட வாரண்டி உண்டு. ட்ரே என்று பிளாஸ்டிக் தட்டில் எடுத்துக் கொடுப்பதற்குக் கடைக்காரர்தான் பொறுப்பு.

"பழைய ஜியான் ஒர்க்ஸ்டேஷன் சல்லிசா வருது" என்று யாராவது ஆசை காட்டலாம். 2016-இல் வந்த ஜியான் ஈ5-2680 வி4-இல் 14 கோர் இருக்கிறது, உண்மைதான். உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், குயிக் சிங்க் கிடையாது, விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவும் கிடையாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீஃபிரேமை இழுத்தால் கை போன பிறகு படம் வரும். மேக் மினி எம்4 பற்றியும் கேட்பார்கள். 16 ஜிபி மாடல் இந்தியாவில் 59,900-க்கு வந்தது. வெறும் வீடியோ எடிட்டிங் என்றால் நானே வாங்கச் சொல்வேன், கரண்டும் கொஞ்சம்தான் தின்னும். ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது, உங்களுக்கு வேண்டியதோ ரேம்தான்.

மாட்டி முடித்ததும் செய்ய வேண்டியது. ரேம் அதன் முழு வேகத்தில் ஓட, பயாஸில் எக்ஸ்எம்பி ஆன். ஐஜிபியு மல்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். கார்டு மாட்டியதும் பல போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தூங்க வைத்துவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டிஸ்க் கேஷை எஸ்எஸ்டியில் 150 ஜிபி அளவுக்கு ஒதுக்குங்கள். பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ் போய், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங்கில் என்விடியா டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் உங்கள் ஏ7 ஃபோரின் 10 பிட் கிளிப் ஒன்றை டைம்லைனில் போட்டு ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பகுதியில் வீடியோ டீகோட் என்ற கட்டத்தைப் பாருங்கள். வரைபடம் எழும்பினால் கார்டு அவிழ்க்கிறது. அது தரையிலேயே படுத்திருந்து, ப்ராசஸர் 90-ஐத் தொட்டால், எங்கேயோ ஒரு டிக் விட்டுப்போயிருக்கிறது அல்லது பிரீமியர் பழைய பதிப்பு. அப்போது அந்தத் திரையைப் படம் பிடித்து இதே கேள்வியின் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.